ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்: படம் சொதப்பினால் எங்கே தேடுவது?

சின்ன சென்சார் கேமராவிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது 36×24 மி.மீ. பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கு, மாறிய முதல் வாரத்தில் பலரும் புலம்புவது இதுதான்: “பழைய கேமராவிலேயே படம் நல்லா வந்துச்சே!” நானும் புலம்பியிருக்கிறேன். புது லென்ஸில் ஒருவரை மதியம் முழுக்க உட்கார வைத்து எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே பிரமாதம். கணினியில் திறந்து பெரிதாக்கினால், காது மடலின் ரோமம் வரை எண்ணலாம், கண்ணோ பஞ்சு மாதிரி இருந்தது. லென்ஸ் பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். லென்ஸில் ஒரு பழுதும் இல்லை என்று தெரிய மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் மூன்று வெவ்வேறு இடங்களுக்குப் போகிறது. சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடி பெரும்பகுதி வெளிச்சத்தை மேலே அனுப்புகிறது; அது பிரிசம் வழியாக வியூஃபைண்டருக்கு, அதாவது நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு, வருகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி பாதி ஊடுருவக்கூடியது. அதைத் தாண்டும் வெளிச்சம் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டிக் கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கி, கேமராவின் அடித்தளத்தில் உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. ஷட்டரை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மேலே மடங்கி, வெளிச்சம் 36×24 மி.மீ. சென்சாரில் விழுகிறது. ஆக, கண் பார்ப்பது ஒன்று, ஃபோகஸ் அளப்பது ஒன்று, படம் பதிவது ஒன்று. ஒரு பாதையில் உள்ள கோளாறு மற்ற பாதைகளில் தெரியாது.

லைவ் வியூவை, அதாவது பின்பக்கத் திரையில் காட்சியைக் காட்டும் முறையை, இயக்கினால் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். படம் பதியும் பாதை மட்டும்தான் மிஞ்சும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, “லைவ் வியூவிலும் இப்படித்தான் வருகிறதா?” என்பதுதான். இந்தக் கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லென்ஸையும் செட்டிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டு “சரியாகிவிட்டது” என்று சொன்னால், எது சரியானது என்று உங்களுக்கே தெரியாது.

வியூஃபைண்டரில் மங்கல், படத்தில் ஷார்ப்

வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரம் பையில் உரசித் திரும்பியிருக்கும். அது உங்கள் பார்வைக்கு ஏற்றபடி வியூஃபைண்டரைச் சரிசெய்யும் சக்கரம், படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதிரில் உள்ள காட்சியைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். உள்ளே கீழே தெரியும் எண்களையும் ஃபோகஸ் புள்ளிகளையும் பார்த்து, அவை கூர்மையாகும் வரை திருப்புங்கள். வேலை முடிந்தது.

பீப் அடிக்கிறது, ஆனால் கண் மங்கல், காது ஷார்ப்

இதுதான் பெரிய விஷயம். ஃபுல் ஃபிரேமுக்கு மாறியவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எங்கேயாவது ஏதாவது ஷார்ப்பாக இருக்கிறதா என்று தேடுங்கள். காதோ, சட்டைக் காலரோ, பின்னால் உள்ள செடியோ ஷார்ப்பாக இருந்தால், பிரச்சினை ஃபோகஸ் விழுந்த இடத்தில். எதுவுமே ஷார்ப்பாக இல்லையென்றால் அது வேறு கதை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (இது லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), ஆள் நிற்பது 2 மீட்டர் தூரத்தில் என்றால், ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் ஒன்றரை செ.மீ.கூடக் கிடையாது. ஃபோகஸ் பூட்டிய பிறகு ஆள் லேசாக மூச்சு விட்டாலே போதும். சின்ன சென்சாரில் இதே அளவுக்கு முகத்தை ஃபிரேமில் நிரப்ப நீங்கள் இன்னும் தள்ளி நின்றிருப்பீர்கள், அதனால் இந்தக் கஞ்சத்தனம் தெரிந்திருக்காது. எஃப் 1.8 இருக்கிறது என்பதற்காக எஃப் 1.8-லேயே எடுக்க வேண்டியதில்லை. எஃப் 2.8-க்கு இறக்கிப் பாருங்கள். பிரச்சினை மறைந்தால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம்.

“வியூஃபைண்டரில் பார்த்தபோது முகம் முழுக்க ஷார்ப்பாகத்தானே இருந்தது?” என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்று. இப்போதைய ஃபோகஸிங் ஸ்கிரீன்கள் (வியூஃபைண்டரில் காட்சி விழும் திரைகள்) வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று செய்யப்பட்டவை. எஃப் 1.4 லென்ஸ் மாட்டினாலும் ஏறத்தாழ எஃப் 2.8-இன் ஆழத்தைத்தான் கண்ணுக்குக் காட்டும். கண் பார்க்கும் பாதையை நம்பி, படம் பதியும் பாதையைப் பற்றி முடிவு செய்யக்கூடாது. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நிஜம்.

அடுத்த சந்தேகம், நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, ஃபோகஸைப் பூட்டி, கேமராவைத் திருப்பி ஃபிரேம் செய்யும் பழக்கம். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் புள்ளிகள் எல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கும், ஓரத்துக்கு எட்டாது. அதனால் இந்தப் பழக்கம் தானாகவே தொற்றிக்கொள்ளும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4, ஒன்றரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கண்ணைப் பிடித்துவிட்டு 15 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணைவிட்டு 5 செ.மீ. பின்னால் போய்விடும். அந்த இடத்தில் ஷார்ப்பான ஆழமே 7 செ.மீ.தான், அதில் பாதிதான் முன்பக்கம். கண் வெளியே, காது உள்ளே! என் மதியத்தைத் தின்றது இதுதான். கண்ணுக்கு மிக அருகில் உள்ள புள்ளியைத் தேர்ந்தெடுத்து, திருப்புவதைக் குறைத்ததும் சரியானது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஃபோகஸ் எப்போதும் ஒரே பக்கம் தள்ளி விழுகிறதா? அப்போதுதான் ஃபோகஸ் அளக்கும் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பாதையின் நீளமும் சென்சாருக்குப் போகும் பாதையின் நீளமும் நூலிழை வித்தியாசமில்லாமல் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் கேமரா நம்பிக்கையோடு பீப் அடித்துக்கொண்டே தப்பான இடத்தில் ஃபோகஸ் செய்யும்.

சோதிப்பது இப்படி. ட்ரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். லென்ஸின் குவியத் தூரத்தைப் போல் சுமார் 50 மடங்கு தூரத்தில், அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை மீட்டரில், அழுத்தமான எழுத்துகள் உள்ள அட்டையை கேமராவுக்கு நேராக நிறுத்துங்கள். அதன் பக்கத்தில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். அளவுகோலின் நடுக்கோடு அட்டையின் தளத்தில் இருக்கட்டும். அபர்ச்சர், அதாவது லென்ஸ் துளை, முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வியூஃபைண்டர் வழியாக, நடுப்புள்ளியில் பத்துப் படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸைக் கையால் ஒரு திருப்பு திருப்பி ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள், இல்லையென்றால் கேமரா இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு “சரி” என்று சொல்லிவிடும். அப்புறம் லைவ் வியூவில் அதே மாதிரி ஐந்து.

பத்துப் படமும் ஒரே அளவு பின்னால் விழுந்து, லைவ் வியூ படங்கள் சரியாக இருந்தால், அளக்கும் பாதைதான் காரணம். மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் என்று நிக்கானிலும், ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று கேனனிலும் இருக்கும். மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை நகர்த்தலாம். பின்னால் விழுந்தால் மைனஸ், முன்னால் விழுந்தால் பிளஸ். ஐந்து ஐந்தாக நகர்த்திப் பார்த்து, நெருங்கியதும் ஒன்று இரண்டாகக் குறையுங்கள். இந்த எண் அந்த பாடிக்கும் (லென்ஸ் இல்லாத கேமரா உடலுக்கும்) அந்த லென்ஸுக்கும் உள்ள ஜோடிக் கணக்கு. நண்பரின் கேமராவில் அதே லென்ஸுக்கு வேறு எண் வரும்.

பத்துப் படத்தில் சில முன்னால், சில பின்னால், சில சரி என்று சிதறினால் எந்த எண்ணும் உதவாது. வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி சோதியுங்கள். அப்போதும் சிதறினால் சர்வீஸுக்குத்தான். லைவ் வியூவிலும் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வந்தால், உதாரணமாக இடது ஓரம் கூழ், வலது ஓரம் ஷார்ப் என்றால், லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி இடம் நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் அடிக்கடி வருவது இது. மெனுவில் இதற்கு மருந்து கிடையாது.

படத்தில் எதுவுமே ஷார்ப்பாக இல்லை

புள்ளியாக இருக்க வேண்டிய வெளிச்சம் சின்னக் கோடாக இழுத்திருந்தால் கை ஆட்டம். ஷட்டர் வேகம் குறைந்தது ‘ஒன்றின் கீழ் குவியத் தூரம்’ இருக்க வேண்டும் என்பது பழைய விதி: 200 மி.மீ.க்கு 1/200. அந்த விதி ஃபிலிம் காலத்தது. 45 மெகாபிக்சல் சென்சாரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் அதை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, கூட்டப் பயப்படாதீர்கள். நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) உள்ள ஷார்ப் படத்தைத் தேற்றலாம், ஆடிய படத்தைத் தேற்றவே முடியாது.

ட்ரைபாடில் வைத்தும் ஆடியிருக்கிறதா? ஷட்டர் வேகம் 1/4-க்கும் 1/30-க்கும் இடையில் இருந்ததா என்று பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கண்ணாடி அளவில் பெரியது. அது மேலே போய் மோதும் அதிர்வு இந்த வேகங்களில்தான் படத்தில் தெரியும். 10 விநாடி எக்ஸ்போஷரில் அந்த அதிர்வு கரைந்துபோகும், 1/500-இல் அது வந்து சேரும் முன்னே படம் முடிந்துவிடும். கண்ணாடியை முன்கூட்டியே மேலே நிறுத்தும் மிரர் லாக்கப் போடுங்கள், அல்லது லைவ் வியூவில் டைமர் வைத்து எடுங்கள். பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசரை (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதியை) ட்ரைபாடில் அணைத்துவிடுங்கள். அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடி, தானே அசைவை உண்டாக்கும்.

இன்னொரு காரணம், “எல்லாம் ஷார்ப்பாக வரட்டும்” என்று எஃப் 22 வைப்பது. துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவும்; படம் முழுக்க லேசான மென்மை படரும். எஃப் 8, எஃப் 11 போதும்.

லென்ஸ் மாட்டவில்லை, அல்லது மாட்டினால் படம் குழாய் வழியாகப் பார்த்த மாதிரி இருக்கிறது

பழைய கேமராவின் லென்ஸைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சின்ன சென்சாருக்கான கேனன் ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் பாடியில் ஏறாது. அவற்றின் பின்பகுதி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், பெரிய கண்ணாடி அதில் மோதும். அதனால்தான் மாட்டவே முடியாதபடி மவுண்டை (லென்ஸ் பொருந்தும் வளையத்தை) வடிவமைத்திருக்கிறார்கள். லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருந்தால் ஈஎஃப்-எஸ், சிவப்புப் புள்ளி இருந்தால் ஈஎஃப். பலத்தைக் காட்டித் திருகாதீர்கள்.

சின்ன சென்சாருக்கான நிக்கான் டிஎக்ஸ் லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும். ஆனால் கேமரா தானாக நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 10 மெகாபிக்சல் படம் வருவது இதனால்தான், சென்சார் பழுதில்லை. மெனுவில் அந்தத் தானியங்கி வெட்டை அணைத்தால் முழு ஃபிரேமும் கிடைக்கும், நான்கு மூலையும் கறுத்திருக்கும். டாம்ரான், சிக்மா செய்த சின்ன சென்சார் லென்ஸ்கள் கேனனில் ஏறிவிடும். ஆனால் பாடி தானாக வெட்டாது. நடுவில் வட்டமான படமும் சுற்றிலும் இருட்டும்தான்.

மூலைக் கறுப்பு ஃபுல் ஃபிரேம் லென்ஸிலேயே வருகிறதென்றால், விளிம்பைக் கவனியுங்கள். மெதுவாக மங்கி, துளையை இரண்டு ஸ்டாப் (இரண்டு படி) சிறிதாக்கும்போது குறைந்தால் அது லென்ஸின் சுபாவம். வெட்டியது போல் நறுக்கென்று இருந்தால், ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிய ஃபில்டரோ கோணலாக மாட்டிய ஹூடோ காரணம்.

ஃபோகஸ் ஆகவில்லை, அல்லது ஷட்டர் அழுந்த மறுக்கிறது

முதலில் லென்ஸின் பக்கச் சுவிட்ச். பையிலிருந்து எடுக்கும்போது எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் நகர்ந்திருக்கும். சிரிக்காதீர்கள், இருபது வருடம் எடுத்தவர்களுக்கும் நடக்கும். டெலி லென்ஸ்களில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சுவிட்ச் இருக்கும். அது தூரத்துப் பக்கம் இருந்தால் அருகில் உள்ளதைப் பிடிக்கவே பிடிக்காது. அப்புறம் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம். பல 85 மி.மீ. லென்ஸ்கள் 80 செ.மீ.க்கு அருகில் பிடிக்காது. அந்தக் கேமராவை முன்பு பயன்படுத்தியவர் பின்பக்க பட்டனுக்கு ஃபோகஸை மாற்றி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. செகண்ட் ஹேண்ட் பாடி வாங்கினால் முதலில் செட்டிங்கை ரீசெட் செய்யுங்கள்.

ஒற்றை ஃபோகஸ் முறையில் ஃபோகஸ் கிடைக்காவிட்டால் கேமரா படம் எடுக்காது. வெறும் சுவரை நோக்கி வைத்துக்கொண்டு “ஷட்டர் போச்சு” என்று பதறியவர்களை எனக்குத் தெரியும்.

நிக்கானில் எஃப்ஈஈ என்று கண்சிமிட்டினால், அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வளையத்தை மிகச் சிறிய துளைக்கு, பெரும்பாலும் 22 அல்லது 16-க்குத் திருப்பிப் பூட்டுங்கள், போய்விடும். அதே பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ‘கிர்ர்’ என்று சத்தம் போட்டால் கவலை வேண்டாம். அதற்குள் மோட்டார் கிடையாது, பாடிக்குள் இருக்கும் மோட்டார் திருகாணி மாதிரி அதைச் சுழற்றுகிறது. கேனனில் எர்ர் 01 வந்தால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை. லென்ஸைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். வேறு லென்ஸிலும் அதே பிழை வந்தால் பாடி, வராவிட்டால் அந்த லென்ஸ்.

படத்தில் கரும்புள்ளிகள்

வியூஃபைண்டரில் புள்ளி தெரிந்து படத்தில் இல்லையென்றால் தூசி ஃபோகஸிங் ஸ்கிரீனிலோ கண்ணாடியிலோ இருக்கிறது. விட்டுவிடுங்கள். ஸ்கிரீன் மென்மையான பிளாஸ்டிக், துணியால் தொட்டால் தூசி போய்க் கீறல் நிரந்தரமாகிவிடும்.

படத்தில் தெரிந்தால் சென்சாரில் தூசி. எஃப் 2.8-இல் கண்ணுக்குத் தெரியாது, எஃப் 16-இல் வானமெல்லாம் புள்ளி குத்திக்கொண்டு நிற்கும். சோதிக்க எஃப் 22 வையுங்கள், ஐஎஸ்ஓவைக் குறைத்துவிடுங்கள். கையால் ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை நோக்கி, ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை வேண்டுமென்றே ஆட்டி எடுங்கள். சுவரின் கறையெல்லாம் கரைந்துவிடும், நகராமல் நிற்பவை மட்டும் தூசி. லென்ஸ் சென்சாரில் காட்சியைத் தலைகீழாகத்தான் போடுகிறது. அதனால் படத்தில் இடது மேல் மூலையில் தெரியும் தூசி, முன்னாலிருந்து கேமராவுக்குள் எட்டிப் பார்க்கும்போது இடது கீழ் மூலையில் இருக்கும்.

பேட்டரி நிறைய இருக்கும்போது மெனுவில் சென்சார் கிளீனிங் கொடுத்துக் கண்ணாடியை மேலே நிறுத்துங்கள். மவுண்ட் தரையைப் பார்த்திருக்க, கையால் அழுத்தும் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியைவிட மோசம். டப்பாவில் அடைத்த காற்றும் வேண்டாம், அதிலிருந்து குளிர்ந்த திரவம் தெறிக்கும்.

வெளிச்சம் ஒரு நேரம் போல் ஒரு நேரம் இல்லை

எஃப் 2-இல் சரி, எஃப் 8-இல் மட்டும் படம் வெளுத்துப்போகிறது என்றால், அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறி அவை மெதுவாக மூடுகின்றன. வியூஃபைண்டரில் எப்போதும் முழுத் திறப்பில்தான் பார்க்கிறீர்கள் என்பதால் முன்கூட்டித் தெரியாது. இதழ்களை மூடிக் காட்டும் டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்தி, லென்ஸின் முன்பக்கமாக உள்ளே பாருங்கள். இதழ்கள் சட்டென்று மூடாமல் தயங்கினால் அதுதான்.

ஃப்ளாஷ் படத்தில் ஒரு பட்டை மட்டும் கறுப்பு என்றால் ஷட்டர் வேகம் சிங்க் எல்லையை, அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகத்தை, தாண்டிவிட்டது. ஃபுல் ஃபிரேமில் அது மாடலைப் பொறுத்து 1/180 முதல் 1/250 வரை. அதற்கு மேலே ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரு இடுக்காகத்தான் ஓடும், முழு சென்சாரும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. கேமராவோடு பேசும் ஃப்ளாஷ் உங்களைத் தடுத்துவிடும். சாதாரண ரேடியோ ட்ரிக்கர் தடுக்காது.

எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் அடுத்தடுத்த படங்கள் நிறம் மாறியோ பட்டை பட்டையாகவோ வந்தால் காரணம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அடங்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120-ஐ ஒட்டிய வேகம். ட்ரைபாடில் வைத்துத் தள்ளி நின்று எடுக்கும்போது மட்டும் படம் இருட்டாக வந்தால், பின்னாலிருந்து வியூஃபைண்டருக்குள் வெளிச்சம் புகுந்து ஒளியை அளக்கும் மீட்டரைக் குழப்புகிறது. ஐபீஸை மூடிவிடுங்கள்.

இரவுப் படத்தில் தெருவிளக்கின் பச்சை நகல் ஒன்று, படத்தின் மையத்துக்கு நேரெதிர்ப் பக்கத்தில் தலைகீழாக மிதக்கிறதா? முன்னால் மாட்டிய பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு படம் எடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

பாடியையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள், தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் ‘சரியாக இருக்கிறது’ என்று திரும்பி வரும். ஃபைன் டியூன் எண்ணைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். சீட்டில் “ஃபோகஸ் சரியில்லை” என்று எழுதாதீர்கள். “85 மி.மீ., எஃப் 1.8, நாலேகால் மீட்டர், நடுப்புள்ளி. வியூஃபைண்டரில் பத்துக்குப் பத்தும் 4 செ.மீ. பின்னால், லைவ் வியூவில் சரி” என்று எழுதி, அந்தச் சோதனைப் படங்களை எடிட் செய்யாமல் கார்டில் போட்டுக் கொடுங்கள். கார்டில் வேறு படம் எதுவும் இருக்க வேண்டாம்.